பென்ஸ் 240டி: காபட்டில் சுமார், கிறவலில் ராசா

2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து மட்டக்களப்பில் ஸ்ரீ நம்பர் கார்களுக்கும் (தகட்டில் 'ஸ்ரீ' எழுத்துள்ள பழைய பதிவு) மவுசு வந்துவிட்டது. 2025இல் இறக்குமதி திறந்த பிறகும், புதுக் காரின் விலையைக் கேட்டுவிட்டு "பழைய பென்ஸ் ஒன்று வாங்கலாமா?" என்று விசாரிக்கிறவர்கள் குறையவில்லை. என்னிடம் இருப்பது டபிள்யூ123 என்ற பழைய பென்ஸ் வரிசையில் வந்த 240டி, டீசல் கார், நாலு கியர். மாமா வைத்திருந்தது. அவர் போடியார், அதாவது பெரிய வயல்காரர், வயலுக்கும் கோயிலுக்கும் இதுதான். அவருக்குப் பிறகு பல வருசமாக நான் ஓட்டுகிறேன்.

பென்ஸ் என்றால் காபட் போட்ட வழவழப்பான தார் வீதியில் மிதக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. இதன் ஸ்டியரிங் இப்போதைய கார்களில் உள்ளது மாதிரி பல்சட்டத்தை நேரே தள்ளும் ரேக் அன்ட் பினியன் இல்லை, உள்ளே சிறு குண்டுகள் உருளும் ரீசர்குலேட்டிங் போல் பொக்ஸ். நேராகப் போகும்போது நடுவில் ஒரு விரல்கடை அளவு வெறுமனே ஆடும். கல்முனை வீதியில் கொஞ்சம் வேகம் பிடித்தால் கை சும்மா இருக்காது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். பொக்ஸில் உள்ள ஸ்குரூவை இறுக்கினால் ஆட்டம் குறையும் என்பார்கள். மிஞ்சி இறுக்கினால் வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. முதலில் சக்கரத்தைத் திருப்பும் டை ரொட், ஐட்லர் ஆம் என்ற தாங்கு கையின் புஷ், உதறலை அடக்கும் ஸ்டியரிங் டம்பர் மூன்றையும் பாருங்கள். என் காரில் பாதி ஆட்டம் அந்தப் புஷ்ஷில்தான் இருந்தது.

சரி, இதே காரை மண்முனைப் பாலத்தால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குக் கொண்டுபோங்கள். கொக்கட்டிச்சோலை தாண்டி வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள் இறங்கும் கிறவல் (சரளை) வீதியில் கார் ஆளே மாறிவிடும். காபட்டில் எரிச்சல் தந்த அந்த ஸ்டியரிங், இங்கே பள்ளத்தின் உதறலைக் கைக்கு வரவிடாது. நாலு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், ஸ்பிரிங்குகளுக்கு நல்ல நீள ஓட்டம். பள்ளத்தில் விழுந்தால் கீழே "தொம்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின் சீட்டில் மாமி நித்திரை. மகனின் சின்ன ஹைபிரிட் காரில் அதே வீதியில் போனபோது, "மகன், கொஞ்சம் நிப்பாட்டுங்க, முதுகு போயிட்டு" என்றவர் அவர்.

சீட்டில் முதல் உட்காரும்போது கல்லு மாதிரி இருக்கும். கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி இறங்கினால்தான் அதன் அருமை தெரியும், இடுப்பு பிடிக்காது. ஆனால் கச்சான் என்ற சூடான மேல்காற்றடிக்கிற ஆடி மாசத்தில் அந்த ரெக்சீன் உறை சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். ஏசி போட்டால் இன்ஜின் முனகும். 72 குதிரைவலு, கார் மட்டும் 1,400 கிலோவுக்குக் கிட்ட. நூறு கிலோமீற்றர் வேகம் தொட இருபது செக்கனுக்கு மேல் எடுக்கும். பஸ்ஸை முந்தும் ஆசையை விட்டுவிடவேண்டியதுதான்.

மகியங்கனைக்கு மேலே பதினெட்டு வளைவில் உடம்பு சாயும், சக்கரம் விடாது. மழை நாளில் மட்டும் வளைவுக்குள் போய் பிரேக்கைத் தேடவேண்டாம், முன்னமே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் தனியாகப் போகப் பார்க்கும்.

பின்னேரக் காத்தான்குடி நெரிசலில் கிளச்சும் நீளமான மூக்கும் ஆளைக் கொன்றுவிடும், அதற்கு மேல் அதைப் பற்றி என்ன சொல்ல.

வேடிக்கையான கோளாறு ஒன்று. இந்த டீசல் இன்ஜின் வெற்றிடக் குழாய் வழியாகத்தான் நிற்கும், சாவியைத் திருப்பினால் அந்தக் குழாயின் உறிஞ்சல்தான் டீசலை அடைக்கும். குழாய் எங்காவது ஒழுகினால் சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். மாமாங்கம் கோயிலடியில் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, பொனற்றைத் திறந்து இன்ஜின் மேலுள்ள நிறுத்தும் லீவரை விரலால் அமுக்கி நிப்பாட்டியிருக்கிறேன். புது ரப்பர் குழாய் போட்டால் தீரும் விசயம்.

வாங்கப்போகிறவர்கள் இன்ஜினுக்குப் பயப்படத் தேவையில்லை, எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தால் அது ஓடும். பயப்படவேண்டியது உப்புக்காற்றுக்கு. கல்லடி, நாவலடிப் பக்கம் நின்ற கார் என்றால் ஜாக் வைக்கும் இடத்தையும் பற்றரிக்குக் கீழே உள்ள தட்டையும் டோர்ச் அடித்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.