ஓடும்போதே நின்றுபோகும் மினி டிராக்டரும் ஃப்ளூக் 87வி மல்டிமீட்டரும்

என்னிடம் இருப்பது மூன்று சிலிண்டர் டீசல் மினி டிராக்டர். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றுவிடும். பி.டி.ஓ-வை, அதாவது எஞ்சின் சக்தியை ரோட்டவேட்டருக்குக் கொடுக்கும் தண்டை, ஆஃப் செய்து செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துக்கொள்ளும், ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். சில நாள் இருபது நிமிடத்தில் நிற்கும். சில நாள் மூன்று மணி நேரம் ஓடினாலும் நிற்காது. எப்போதும் ஸ்டார்ட் ஆகாத வண்டியைச் சரிசெய்வது இதைவிடச் சுலபம் என்பேன். இந்தக் கோளாறைக் கடைசியில் பிடித்துக்கொடுத்தது, வோல்டேஜ், ஆம்பியர், ஓம் எல்லாம் அளக்கும் ஃப்ளூக் 87வி மல்டிமீட்டர். அதனால்தான் இந்த விமர்சனம்.

மீட்டர் வருவதற்கு முன் எல்லோரையும்போல டீசலில்தான் ஆரம்பித்தேன். ஃபில்டர் மாற்றினேன். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வராமல் நிற்கும், மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும். அப்படி எதுவும் இல்லை. ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் குழாயை எடுத்துவிட்டு, உள்ளே தெரியும்படியான டீசல் குழாய் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், மின்சாரம் போனால் டீசலை அடைத்து எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் சோலினாய்டை மாற்றினார். இரண்டு நாள் நிற்கவில்லை, மூன்றாம் நாள் நின்றது.

அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். டீசல் வராமல் நிற்கும் எஞ்சின் சட்டென்று நிற்காது. முதலில் இழுவை குறையும், சத்தம் ஏறி இறங்கும், திணறும், அப்புறம்தான் நிற்கும். என் எஞ்சின் திணறவே இல்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல நின்றது. இதை முதல் நாளே காதில் வாங்கியிருந்தால் ஃபில்டர் பக்கமே போயிருக்க மாட்டேன். உங்கள் வண்டி இப்படி நின்றால், எதையும் கழற்றும் முன் அது எப்படி நின்றது என்று யோசியுங்கள்.

பழைய பாணி பம்ப் உள்ள டீசல் எஞ்சினுக்கு ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை, ஸ்டாப் சோலினாய்டு ஒன்றைத் தவிர. என் டிராக்டரில் அதற்குள் இரண்டு சுருள்கள். ஒன்று தண்டை உள்ளே இழுக்கும், இன்னொன்று இழுத்ததைப் பிடித்து வைத்திருக்கும். தண்டு வெளியே வந்துவிட்டால் டீசல் நின்றுவிடும். இழுக்கும் சுருளுக்கு செல்ஃப் அடிக்கும்போது மட்டும்தான் மின்சாரம் போகும். பிடிக்கும் சுருளுக்கு ஒரு ஆம்பியர் அளவு போதும், ஆனால் வெளியே வந்துவிட்ட தண்டை மறுபடி இழுக்கிற பலம் அதற்கு இல்லை. ஆக, மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம் போய்த் திரும்பி வந்தாலும் எஞ்சின் நின்றுவிடும். நான் இறங்கி வந்து சோதிக்கும்போது எல்லா ஒயரிலும் மின்சாரம் சரியாக இருக்கும். ஒரு மாதம் எனக்குப் பிடிபடாமல் போனது இதுதான்.

நின்ற பிறகு அளப்பதில் பயனில்லை, நிற்கும் நொடியில் அளக்க வேண்டும். இந்த மீட்டரில் மினிமம்-மேக்சிமம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் அதன்பின் வந்த மிகக் குறைந்த, மிக அதிக வோல்டேஜ் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும். சாதாரணமாக 30 நிமிடத்தில் தானே அணைந்துவிடும் மீட்டர், இந்த முறையில் மட்டும் அணையாமல் இருக்கும். அது எனக்கு மிகவும் தேவைப்பட்டது. 60 வோல்ட் ரேஞ்சில் வைத்து, ஒரு கிளிப்பைப் பிடிக்கும் சுருளின் ஒயரிலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் மாட்டினேன். ஒயர்களை ஃபேனில் சிக்காதபடி டேப் சுற்றி, மீட்டரை டாஷ்போர்டு பக்கத்தில் கட்டிவிட்டு உழப் போனேன்.

ஐம்பது நிமிடத்தில் நின்றது. திரையில் 12.5 வோல்ட், எந்தக் குறையும் இல்லை. மினிமத்தைப் பார்த்தேன், 3.17. அதைப் பார்த்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஒரு மாதமாக ஒளிந்து விளையாடியது முதல்முறையாகக் கண்ணில் பட்டது.

சாதாரண மினிமம்-மேக்சிமம் முறையில் 100 மில்லி நொடி நீடித்த மாற்றத்தைத்தான் இந்த மீட்டர் முழுதாகப் பிடிக்கும். உச்சத்தைப் பிடிக்கும் இன்னொரு முறையில் 250 மைக்ரோ நொடி வரை பிடிக்கும். அடுத்த நாள் அதில் வைத்தேன், மினிமம் மைனஸ் 46 காட்டியது. மீட்டர் பழுதோ என்று பயந்துவிட்டேன், பழுது இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைத் திடீரென்று அறுத்தால் சுருள் எதிர்த்திசையில் ஒரு வோல்டேஜைத் தூக்கி அடிக்கும். ஒயர் அறுந்து சேர்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் பழக்கமில்லாதவர்கள் முதலில் 100 மில்லி நொடி முறையிலேயே பாருங்கள், குழப்பம் குறையும்.

அப்புறம் வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். மின்சாரம் வரும் வழியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டே போனேன். சாவியிலிருந்து மின்சாரம் வெளியே வரும் முனையில் கிளிப் மாட்டினேன். எஞ்சின் நின்றும் மினிமம் 12-க்குக் கீழே போகவில்லை, சாவிவரை சரி. அடுத்தது ரிலே, சிறிய மின்சாரத்தால் இயங்கி சோலினாய்டுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச். அதற்குள் மின்சாரம் வரும் 30-ஆம் முனையும் சரி. வெளியே போகும் 87-ஆம் முனையில் வோல்டேஜ் விழுந்தது. ரிலேதான் என்று முடிவு கட்டியிருப்பேன், ஆனால் ரிலேயின் சுருளுக்கு வரும் 86-ஆம் முனையிலும் விழுந்தது. அந்த ஒயர் போய்ச் சேர்வது சீட் சுவிட்சில், ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்திருந்தால் மட்டும் மின்சாரம் விடும் சுவிட்ச் அது. ஒவ்வொரு அளவுக்கும் எஞ்சின் ஒருமுறை நிற்க வேண்டும் என்பதால் இதற்கு நான்கு நாள் ஆயிற்று.

சீட்டுக்கு அடியில் இருந்த கனெக்டரைப் பிரித்தால், ஒரு முனை விரிந்து பச்சை பூத்திருந்தது. மேடு பள்ளத்தில் சீட் குலுங்கும்போது விட்டு விட்டுப் பிடித்திருக்கிறது. ஒரு வாரம் முன்பு இதே சுவிட்சை ஓம் வைத்து அளந்திருக்கிறேன், 0.3 ஓம் காட்டியது. வண்டி அசையாமல் நிற்கும்போது அளந்த அளவு அது. தவிர, ஓம் அளக்கும்போது மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். ஒற்றை இழையில் தொங்கும் ஒயர்கூட அதற்கு நல்ல ஒயராகத்தான் தெரியும்.

இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. ரோட்டவேட்டர் ஓடும்போது மட்டும் நிற்கிறதே, லோடு தாங்காமல் டீசல் போதவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். காரணம் லோடு இல்லை. பி.டி.ஓ ஆஃபில் இருந்தால், கியர் நியூட்ரலில் இருந்தால், சீட் சுவிட்ச் விட்டாலும் எஞ்சின் நிற்காதபடி இன்னொரு வழி இருக்கிறது. பி.டி.ஓ-வை ஆன் செய்ததும் அந்த வழி அடைபட்டு, சீட் சுவிட்ச் ஒன்றுதான் மிச்சம்.

சீட் சுவிட்ச்தான் என்று தெரிந்ததும் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடச் சொன்னவர்கள் நிறைய. தயவுசெய்து செய்யாதீர்கள். பி.டி.ஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது. சட்டை நுனி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. ஓட்டுகிறவர் சீட்டிலிருந்து விழுந்தால் எஞ்சினை நிறுத்த இருப்பது அந்தச் சுவிட்ச்தான். நான் இரண்டு முனைகளையும் வெட்டிப் புதிய முனைகளை ஒயரில் நசுக்கிப் பிடிக்கவைத்து (கிரிம்ப் செய்து), சிலிக்கான் கிரீஸ் தடவி, சீட் ஆடும்போது இழுபடாதபடி ஒயரைத் தளர்வாகக் கட்டினேன்.

மீட்டரில் குறைகளும் உண்டு. புது மினிமம் வந்தால் பீப் அடிக்கும், டிராக்டர் சத்தத்தில் அது காதில் விழவே விழாது. எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை முறை விழுந்தது என்று சொல்லாது. ஒரே ஒரு இடத்தைத்தான் ஒரு நேரத்தில் பார்க்கும். இழுக்கும் சுருள் எவ்வளவு மின்சாரம் வாங்குகிறது என்று இதைத் தொடராக இணைத்துப் பார்க்கவும் கூடாது. மீட்டரின் எல்லை 10 ஆம்பியர், அந்தச் சுருள் அதைத் தாண்டிவிடும், உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். அதற்கு ஒயரை வெளியிலிருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் வேண்டும். விலையும் அதிகம். டிராக்டர் ஒன்றுக்காக மட்டும் என்றால், மினிமம் பதிவு செய்யும் வேறு மீட்டரே போதும், எவ்வளவு குறுகிய மாற்றத்தைப் பிடிக்கும் என்பதை மட்டும் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். பம்புசெட், ஜெனரேட்டர், வண்டி எல்லாவற்றையும் நீங்களே பார்ப்பவர் என்றால் இதை வாங்கலாம், எனக்கு வருத்தமில்லை.

அதன்பின் அறுபது மணி நேரம் உழுதாயிற்று. போன வாரம் மறுபடி கிளிப்பை மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே மேடு பள்ளத்தில் ஒரு பொழுது முழுவதும் ஓட்டினேன். மினிமம் 13.7.