மடிநோய்க்கு ஆன்டிபயாடிக்கா, ஸ்டெம் செல்லா?

மடிநோய், அதாவது மடியில் கிருமி தொற்றி வரும் வீக்கம், கண்ட மாட்டுக்கு வழக்கமான வைத்தியம், பாலை முழுக்கக் கறந்துவிட்டு, காம்பு நுனியைத் துடைத்து, ஆன்டிபயாடிக் ட்யூபைக் காம்புத் துளை வழியாக ஏற்றுவது. கிருமிக்கு ஏற்ற மருந்தாக அமைந்தால், சில நாட்களில் பால் திரிதிரியாக வருவது நின்றுவிடும். மருந்தின் மிச்சம் போகும்வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வேறு ரகம். மாட்டின் செல்லுக்குள்ளேயே பதுங்கி, மருந்து நின்றதும் திரும்பத் தலைதூக்கும். கிருமி செத்தாலும், தழும்பேறிக் கல்லாகிப்போன மடியில் பழைய அளவு பால் ஊறாது.

ஸ்டெம் செல், அதாவது வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல், உதவப் பார்ப்பது இந்த இடத்தில்தான். கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கிய செல்களைச் செலுத்துகிறார்கள். அவையே புதுப் பால்சுரப்பியாக மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அவை சுரக்கும் பொருட்கள்தான் அழற்சியைத் தணித்து, திசு ஆறத் துணைபுரிகின்றன. மாட்டின் சொந்த செல்லைப் பெருக்க வாரக்கணக்கில் ஆகும். காய்ச்சலோடு நிற்கும் மாடு அதுவரை தாங்குமா? வேறு மாட்டின் செல்லை உறைய வைத்திருந்தால் உடனே போடலாம், சரி. ஆனால் ஆய்வுகள் இன்னும் சிறிய அளவில்தான் நடந்திருக்கின்றன; செலவும் அதிகம்.

இன்றைக்கு மடி வீங்கியிருந்தால் என் ஓட்டு ட்யூபுக்குத்தான், அதுவும் பாலைப் பரிசோதித்து எந்தக் கிருமி என்று பார்த்த பிறகு.