கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்ஃபர்: "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்பவரிடம் பணம் கட்டும் முன்

போன ஞாயிறு கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, எனக்கு நன்றாகத் தெரிந்த குரல் பின்னால் கேட்டது. "அக்கா, கவலையே வேண்டாம். பையனை என்கிட்ட விட்டுடுங்க, ரெண்டே வருஷத்துல யூசி-ல இருப்பான்." திரும்பினால் அவரேதான், காலேஜ் டிரான்ஸ்ஃபருக்கு வழி காட்டுகிறேன் என்று எங்களிடம் பணம் வாங்கிய ஆலோசகர். எதிரில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனோடு ஒரு தம்பதி. 2022-இல் அந்த இடத்தில் நாங்கள் நின்றோம். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம் இருக்கிறோம். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே மெக்கானிக்கல்தான். கராஜில் பழைய சைக்கிளைப் பிரித்துப் போட்டு, கியரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவான். எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) என்பதில் அவனுக்குக் குழப்பமே இருந்ததில்லை. இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ், அதாவது குறைந்த கட்டணத்தில் முதல் இரண்டு வருடப் பாடங்களைப் படிக்கும் உள்ளூர்க் கல்லூரி, அப்புறம் யூசி என்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் என்று முடிவு செய்தோம். மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான். அந்த முடிவு சரியானது என்றுதான் இன்றும் சொல்வேன்.

தப்பு நடந்தது அதற்கு அடுத்த படியில். தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த ஆலோசகர் வந்தார். நம்ம ஊர்க்காரர், தன்மையாகப் பேசுவார். கட்டணம் 2,800 டாலர். டிரான்ஸ்ஃபருக்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் காலேஜ் கட்டணமே 2,760 டாலர்தான். இந்தக் கணக்கை அன்றைக்கு நான் போட்டுப் பார்க்கவில்லை.

நான்கு செமஸ்டருக்கும் ஒரு எக்செல் அட்டவணை அனுப்பினார். பச்சை, மஞ்சள் என்று நிறம் கொடுத்து, பார்க்கவே நிம்மதியாக இருந்தது. முதல் வருடம் முழுக்கப் பொதுப்பாடங்கள்: சைக்காலஜி, ஆந்த்ரோபாலஜி, கம்யூனிகேஷன். கணக்கில் கால்குலஸ் ஒன்று மட்டும், அதுவும் இரண்டாவது செமஸ்டரில். ஃபிசிக்ஸ் என்ற இடத்தில் அல்ஜீப்ரா அடிப்படையிலான ஃபிசிக்ஸ். "இன்ஜினியரிங் எடுக்கிற பசங்க எல்லாம் கால்குலஸ் ஃபிசிக்ஸ்தான் எடுக்கிறாங்க அம்மா" என்று மகன் சொன்னான். அவரிடம் கேட்டோம். "அது கஷ்டம் அக்கா. இதுல சுலபமா ஏ வாங்கிடலாம், ஜிபிஏ நாலுலயே நிக்கும். ரெண்டுமே யூசி-க்கு டிரான்ஸ்ஃபர் ஆகும், கேட்டலாக்ல பாருங்க" என்றார்.

பார்த்தோம். இரண்டு பாடத்தின் பக்கத்திலும் யூசி என்று போட்டிருந்தது. அவர் சொன்னது பொய் இல்லை, அதனால்தான் மாட்டிக்கொண்டோம். "விவரம் தெரிஞ்சவர் சொல்றாரு, கேளுடா" என்று மகனை அடக்கியது நான்தான்.

2023 செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தது. யூசி-யில் டேக் (TAG) என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே இடத்தை உறுதி செய்யும் ஏற்பாடு. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் மட்டும் இருக்கிறது; பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவில் கிடையாது. ஒருவர் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போட முடியும். "சான்டா பார்பரா மெக்கானிக்கல் கேரண்டி" என்று எங்களுக்கு முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தார்.

மகன் படிவத்தைத் திறந்தான். மேஜர் பட்டியலை மேலும் கீழும் இரண்டு தடவை தேடியும் மெக்கானிக்கல் இல்லை. சான்டா பார்பராவின் இன்ஜினியரிங் கல்லூரிக்கு டேக் கிடையவே கிடையாது. அவருக்குப் போன் போட்டால் கொஞ்சம்கூடத் தடுமாறாமல், "லிஸ்ட்ல இருக்கிற ஏதாவது ஒண்ணைப் போடச் சொல்லுங்க அக்கா, உள்ள போய் மாத்திக்கலாம்" என்கிறார். ஒரு பிள்ளை எதைப் படிக்க ஆசைப்படுகிறான் என்பது அவருக்கு அவ்வளவுதான். அங்கே இன்ஜினியரிங் தனிக் கல்லூரி. வேறு மேஜரில் நுழைந்துவிட்டு அதற்கு மாற வேண்டுமானால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அந்தத் துறை கேட்கும் ஆயத்தப் பாடங்களை முடித்திருக்க வேண்டும், இடமும் இருக்க வேண்டும்.

மறுநாள் மகன் காலேஜ் கவுன்சிலரிடம் நேரம் வாங்கினான். அரை மணி நேரம், இலவசம். நானும் கூடப் போனேன். அந்த அம்மா அசிஸ்ட் என்ற தளத்தைத் திறந்தார். எங்கள் காலேஜ், போக விரும்பும் வளாகம், மேஜர் மூன்றையும் தேர்ந்தெடுத்ததும் ஒரு பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடங்களும், எதிர்ப்பக்கம் அதற்கு ஈடான எங்கள் காலேஜ் பாடங்களும் வந்தன. மகனின் டிரான்ஸ்கிரிப்டை (படித்த பாடங்களும் மதிப்பெண்களும் உள்ள பட்டியல்) பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கால்குலஸ் ஒன்று, டிக். இரண்டு, இப்போது படிக்கிறான். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் இல்லை. கெமிஸ்ட்ரி இல்லை. ஸ்டாடிக்ஸ் இல்லை. ஃபிசிக்ஸ் வரிக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. "இந்த ஃபிசிக்ஸ் யூனிட்டாகக் கணக்கில் சேரும், உன் மேஜருக்குச் சேராது" என்றார். மகன் ஒன்றும் பேசவில்லை. மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

டிரான்ஸ்ஃபர் ஆகும் பாடம் வேறு, மேஜருக்குக் கணக்காகும் பாடம் வேறு. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமலேயே எங்களிடம் 2,800 டாலர் வாங்கியிருக்கிறார். எங்கள் காலேஜில் கால்குலஸ் ஃபிசிக்ஸ் மூன்று பாடச் சங்கிலி, செமஸ்டருக்கு ஒன்றுதான் எடுக்க முடியும். இலையுதிர் செமஸ்டர் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஜனவரியில் ஆரம்பித்து 2025 வசந்தத்தில்தான் முடிந்தது. ஒரு முழு வருடம் போயிற்று. கூடப் படித்தவர்கள் 2024-இல் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பியபோது இவன் வீட்டில் இருந்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "இது ஆலோசனை மட்டுமே, சேர்க்கைக்கு உத்தரவாதம் இல்லை" என்ற வரியைக் காட்டினார். வாயால் சொன்ன கேரண்டிக்கு எங்களிடம் எழுத்து எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பிலாவது வாங்கி வைத்திருக்கலாம்.

இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களுக்கு: பிள்ளை முதல் செமஸ்டருக்குப் பதிவு செய்யும் முன்பே அசிஸ்ட் தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். காசு கிடையாது. இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கணக்கும் ஃபிசிக்ஸும் முதல் நாளிலிருந்து ஓட வேண்டும். பொதுப்பாடத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். ஒரே மேஜருக்கு வளாகத்துக்கு வளாகம் கேட்கும் பாடம் மாறும், ஆகவே மூன்று நான்கு வளாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு இரண்டு மேஜருக்கு நடுவில் மனம் ஊசலாடுகிறதா? சரி, இரண்டுக்கும் பொதுவான பாடத்தை முதலில் எடுக்கட்டும். ஸ்டான்ஃபோர்டு, யூஎஸ்சி போன்ற பல தனியார் பல்கலைக்கழகங்கள் அந்தத் தளத்தில் வராது. அங்கேயே நேரடியாகக் கேட்க வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் தரும் டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் டிகிரியை (இரண்டு வருடப் பட்டம்) காட்டி யூசி-யில் இடம் உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த உறுதி, யூசி-யிலிருந்து வேறான கலிபோர்னியா ஸ்டேட் (கால் ஸ்டேட்) பல்கலைக்கழகங்களுக்கானது, அங்கேயும் கேட்ட வளாகமே கிடைக்கும் என்று இல்லை.

எங்களைப் போல ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் யூனிட் கூடிவிடுமே என்று பயந்து பாதியில் கிளம்ப வேண்டாம். கம்யூனிட்டி காலேஜில் மட்டும் படித்தவர்களுக்கு 70 செமஸ்டர் யூனிட்டோடு யூசி கணக்கை நிறுத்திக்கொள்ளும். அதற்கு மேல் எடுத்த பாடங்கள் மேஜர் தேவைக்குச் செல்லும், அதற்காகச் சேர்க்கையை மறுப்பதில்லை. இதையும் அந்தக் கவுன்சிலர் அம்மாதான் சொன்னார்.

மகன் இப்போது டேவிஸில் மெக்கானிக்கல் படிக்கிறான். 2024 செப்டம்பரில் டேக் படிவத்தை அவனே நிரப்பினான், கவுன்சிலர் ஒரு முறை சரிபார்த்துக் கொடுத்தார். டேக் ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 1-இல் திறந்து 30-இல் மூடும். கோயிலில் பார்த்த அந்தத் தம்பதியின் பெயர் எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தவர்களாக இருந்தால், பணம் கட்டுவதற்குள் தயவுசெய்து இதை அவர்களுக்கு அனுப்புங்கள்.