கோப்ளினுக்குக் கொடுத்த வாக்கு: டி அண்ட் டி ஸ்டார்ட்டர் செட், ஏழு ஞாயிறு ஆடிய பிறகு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியில் உள்ள கதையை நான் பாதிக்கு மேல் சொல்லப் போகிறேன். நீங்கள் இதில் வீரராக ஆடப் போகிறவர் என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள், அந்த அனுபவத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. நடத்தப் போகிறவர், அதாவது டன்ஜன் மாஸ்டர் என்றால் தாராளமாகப் படிக்கலாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) என்பது ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம். அதன் ஸ்டார்ட்டர் செட், 2014இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்டது. 2022இல் வேறு கதையோடு புதுப் பெட்டி வந்துவிட்டது, நான் சொல்வது பழையது. உள்ளே 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கக் கதைப் புத்தகம், தயாராக எழுதி வைத்த ஐந்து கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் விவரம் எழுதிய தாள்), ஆறு பகடை. ஒரு கடையில் சொல்லி வரவழைத்தேன், பெட்டியின் மூலை நசுங்கித்தான் வந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. ஆறு பகடை நான்கு பேருக்குப் போதாது, ஆளாளுக்குக் கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொரு செட் பகடை சேர்த்து வாங்கிவிடுங்கள். புத்தகம் முழுக்க ஆங்கிலம். நான் படித்துவிட்டுத் தமிழில் சொன்னேன், அதில் ஒரு சிரமமும் இல்லை.

ஆடியது சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றித் தரையை ஆற வைத்த பிறகுதான் பாய் விரிக்க முடியும். ஆட்டத்தில் தங்கச்சி குள்ளர் குலத்துப் பூசாரி. அவளோடு நர்சிங் படிக்கும் தோழி போர்வீரி. ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் மாமா பையன் திருடன். காட்பாடியிலிருந்து வரும் என் காலேஜ் ஜூனியர் மந்திரவாதி. நான் டன்ஜன் மாஸ்டர்.

ஷீட்டில் அலைன்மென்ட் என்று ஒரு வரி இருக்கும். "இன்னாண்ணா இது, வண்டிக்குப் பார்ப்பாங்களே அதுவா?" என்று தங்கச்சி கேட்டாள். ஒழுங்குக்குக் கட்டுப்படுகிறவரா, தன் போக்கில் போகிறவரா என்பது ஒரு அச்சு. நல்லவரா கெட்டவரா என்பது இன்னொரு அச்சு. இரண்டிலும் நடுநிலை உண்டு, ஆக மொத்தம் ஒன்பது கட்டம். 1974இல் ஆட்டம் முதலில் வந்தபோது ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றுதான் இருந்தன, நல்லது கெட்டது என்ற அச்சு பிறகுதான் சேர்ந்தது. 1978இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஒன்பதாகிவிட்டது. 2008இல் ஐந்தாகக் குறைத்தார்கள், 2014இல் ஒன்பதும் திரும்பி வந்தன. ஆரம்பத்தில் இது விளையாட்டாக இல்லை, அலைன்மென்ட் மாறினால் ஒரு லெவல் இறங்கும், பாலடின் என்ற தர்ம வீரர் தவறு செய்தால் சக்தியே போய்விடும். இப்போதைய விதியில் அந்தத் தண்டனையெல்லாம் அநேகமாக இல்லை.

இதையெல்லாம் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை. கும்பகர்ணனையும் வீடணனையும் சொன்னதும் புரிந்துவிட்டது. அண்ணன் செய்தது தப்பு என்று இருவருக்கும் தெரியும், ஒருவன் சோறு போட்டவனுக்காகப் போருக்குப் போனான், ஒருவன் தப்புக்குத் துணை நிற்க மாட்டேன் என்று பிரிந்து போனான். "ரெண்டு பேருமே நல்லவங்கதானேண்ணா, அப்ப எதுக்கு ரெண்டு கட்டம்?" என்றான் ஜூனியர். நான் பதில் சொல்லவில்லை, கதையை ஆரம்பித்தேன்.

இந்தப் பெட்டியின் அருமை முதல் குகையிலேயே இருக்கிறது. வண்டியில் சரக்கு கொண்டுபோகும் வழியில் கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்கள் மறிக்கின்றன. நம்மவர்கள் ஜெயித்து ஒன்றை உயிரோடு பிடித்தார்கள். குகைக்கு வழி சொன்னால் விட்டுவிடுகிறோம் என்றார்கள், அது சொன்னது. இப்போது என்ன செய்வது? விட்டால் போய் மற்றவர்களுக்குச் சொல்லிவிடும் என்றான் மாமா பையன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறது என்றாள் தங்கச்சி. மரத்தில் கட்டிப் போடலாம் என்று நடுவழி பார்த்தான் ஜூனியர். நர்ஸ் பெண் அதுவரை பேசவே இல்லை. "காட்டுல கட்டிப் போட்டுட்டுப் போனா அதுவும் கொல்றதுதான், நம்ம கையால செய்யலை, அவ்வளவுதான்" என்றாள். கொஞ்ச நேரம் மாடியில் யாரும் பேசவில்லை. கடைசியில் அவிழ்த்து விட்டார்கள்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன், இதை வாங்கி நடத்தப் போகிறவர்களுக்காகத்தான் சொல்கிறேன். விடுபட்ட கோப்ளின் ஓடிப்போய் எச்சரித்துவிட்டது என்று நானாக வைத்தேன், புத்தகத்தில் அப்படி இல்லை. உள்ளே போனதும் பூசாரி சாகப் பிழைக்கக் கிடந்தாள். தங்கச்சி ஆட்டத்தை விட்டு எழுந்துவிட்டாள். "நல்லது செஞ்சதுக்கு நீ தண்டனை குடுத்தா, அடுத்த தடவை யாருண்ணா நல்லது செய்வாங்க?" அவள் கேட்டது நியாயம். இரக்கத்துக்கு விலை இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு இரக்கமும் பொறியாக முடிந்தால் அவர்கள் இரக்கப்படுவதையே விட்டுவிடுவார்கள், பிறகு பகடையை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடுத்த இடம் இன்னும் கெட்டி. யீமிக் என்ற கோப்ளின், பிணைக்கைதி ஒருவரை மேட்டு விளிம்பில் நிறுத்தித் தள்ளிவிடுவேன் என்கிறது. அதன் தலைவன் க்ளார்க்கின் (பெயரைக் கேட்டு எந்த ஆபீஸ் என்று எல்லோரும் சிரித்தார்கள், பெரிய கரடி மாதிரி அரக்கன் அது) தலையைக் கொண்டுவந்தால் விடுவதாகப் பேரம். ஒப்புக்கொண்டார்கள், கொண்டுவந்தார்கள். யீமிக் பேச்சு மாறி இப்போது பணம் கேட்டது. அது வாக்கு மீறிவிட்டது, இனி நம் வாக்கு நம்மைக் கட்டுமா? முக்கால் மணி நேரம் இதுதான். ஆம்பூரிலிருந்து வாங்கி வந்த பிரியாணிப் பொட்டலம் பிரிக்காமலே ஆறிப்போனது.

அப்போதுதான் ஜூனியர் எங்கள் வேலூர்க் கோட்டையை இழுத்தான். 1806 ஜூலை 10, சிப்பாய் எழுச்சி. சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கும்பெனியின் உப்பைத் தின்று சத்தியம் செய்தவர்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போடு என்று உத்தரவு வந்ததும் எழுந்தார்கள், தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களையும் கொன்றார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து கோட்டையைப் பிடித்தது, அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சுமார் நூறு சிப்பாய்களைப் பிடித்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டது. "சட்டம் யார் பக்கம்ண்ணா இருந்துச்சு? நல்லது யார் பக்கம்? அவங்களை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?" கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற நினைவுத்தூணைத் தினம் பஸ்ஸில் கடந்து போகிறவர்கள் நாங்கள். இந்தக் கேள்வி எங்கிருந்தோ வந்த ஒரு பகடை ஆட்டத்தால் எங்களுக்கு எழுந்தது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அதனால் ஷீட்டில் இருந்த அலைன்மென்ட் வரியை அன்றைக்குப் பென்சிலால் அடித்துவிட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் முடிந்த பிறகு அவரவர் என்ன செய்தார் என்று மற்றவர்கள் சொல்ல, அதை அங்கே எழுதுகிறோம். இது விதிப் புத்தகத்தில் இல்லை, ஆனால் எங்களுக்கு இதுதான் சரியாக வந்தது. என் ஷீட்டில் இப்படித்தான் போட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அராஜகம் செய்யும் பழக்கமும் நின்றது, முக்கியமாக மாமா பையனிடம்.

குறைகளும் உண்டு. ஊருக்குள் வரும் ரவுடிக் கும்பல் ரெட்பிராண்ட்ஸ் வெறும் கெட்டவர்களாகவே வருகிறார்கள், அவர்களிடம் தயங்க ஒன்றுமில்லை. சொந்தமாக ஒரு கேரக்டரை உருவாக்கும் விதிகளும் பெட்டியில் கிடையாது, இணையத்தில் இலவசமாக வந்த பேசிக் ரூல்ஸ் பிடிஎஃபைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் முதல் தடவை ஆடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அந்த ரவுடிகளின் பதுங்கிடத்தில் டிரூப் என்று ஒரு கோப்ளின் வருவான். தன்னைவிடப் பெரிய அரக்கர்கள் அடித்து வேலை வாங்கும் பயந்தாங்கொள்ளி. இந்தப் பெட்டியின் புத்தகப்படி கோப்ளின் என்றாலே கெட்ட கட்டம்தான். போன ஞாயிறு அவனுக்கு நர்ஸ் பெண் தன் பங்கு ரொட்டியைக் கொடுத்தாள். மாமா பையன் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் கைக்கட்டை அவிழ்த்தான். இந்த வாரம் அவனும் எங்களோடு வருகிறான்.