டிராகன் காதல்: மெலூசினா, வெள்ளைப் பாம்பா, ஏரி அரசன் மகளா?

டிராகன் மனித உருவெடுத்து வந்து காதலிக்கும் கதைகளுக்குத் தமிழிலும் ஒரு வாசகர் கூட்டம் சேர்ந்துவிட்டது. தொடராக எழுதுகிறவர்களும் வந்துவிட்டார்கள். பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். மலை உச்சியில் கோட்டை, அதில் யாரோடும் பேசாத ஒரு பிரபு. பாதிக் கதையில் அவருக்குச் சிறகு முளைக்கும், நாயகி அலறுவாள், அடுத்த அத்தியாயத்தில் அவர் முதுகில் ஏறிப் பறந்துகொண்டிருப்பாள். அலறியதற்கும் பறந்ததற்கும் நடுவில் அவள் மனதில் என்ன ஓடியது என்று கேட்டால் பதில் இருக்காது.

இந்த இடத்தை நன்றாக எழுதியவர்கள் பல நூறு வருடங்களுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். பிரான்சில், சீனாவில், ஜப்பானில், செர்பியாவில் உருமாறும் டிராகனோடோ பாம்போடோ வாழ்ந்த மனிதர்களின் கதைகள் உண்டு. இன்று ஒரு அமானுஷ்யச் சரித்திரக் காதல் கதைக்கு மூலமாக எடுப்பதென்றால் எதை எடுக்கலாம்? நான் பார்ப்பது இரண்டு விஷயம். கதை நடக்கும் ஊரும் காலமும் எவ்வளவு கெட்டியாக இருக்கின்றன என்பது ஒன்று. நிஜ உருவம் தெரிந்த பிறகு காதலிப்பவர் என்ன செய்கிறார் என்பது இன்னொன்று. என் கணக்கில் இரண்டாவதற்குத்தான் மதிப்பெண் அதிகம்.

சரித்திரக் கனத்தில் மெலூசினை மிஞ்ச ஆளில்லை. ழான் தாராஸ் என்பவர் 1393-இல் இந்தக் கதையை உரைநடையாக எழுதி முடித்தார். எழுதச் சொன்னவர் பெர்ரி கோமகன் ழான், பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்லஸின் தம்பி. நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் கையில் இருந்த லூசிஞான் கோட்டையை 1374-இல் அவர் பிடித்திருந்தார். அந்தக் கோட்டையைக் கட்டியவளே மெலூசின் என்பது ஊர்ப்பேச்சு. கட்டியவளின் கதையைத் தன் செலவில் எழுதி வைத்தால் கோட்டை மீதுள்ள தன் உரிமைக்கும் ஒரு பலம் என்று கோமகன் நினைத்திருக்க வேண்டும். லூசிஞான் குடும்பமும் நிஜம். 1186-இல் ஜெருசலேமின் அரசரான கீ அந்த வம்சம். பிறகு சைப்ரஸ் தீவை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆண்டதும் அவர்கள்தான்.

கதை இதுதான். பன்றி வேட்டையில் தவறுதலாகத் தன் மாமனைக் கொன்றுவிட்டுத் திக்குத் தெரியாமல் அலையும் ரேமோந்தேன், காட்டில் ஓர் ஊற்றங்கரையில் மெலூசினைப் பார்க்கிறான். உன்னை மணந்து பெரிய ஆளாக்குகிறேன், ஆனால் சனிக்கிழமைகளில் என்னைப் பார்க்கவே கூடாது என்கிறாள் அவள். தாய் இட்ட சாபத்தால் வாரத்தில் அந்த ஒரு நாள் இடுப்புக்குக் கீழே பாம்பாகிவிடுவாள். திருமணம் நடக்கிறது. ஒரு மான்தோல் அளவு நிலம் கேள் என்று கணவனுக்குச் சொல்லிக் கொடுத்து, கிடைத்த தோலை நூல் போலக் கீறி ஒரு பெரும் நிலப்பரப்பையே வளைக்கிறாள். கோட்டைகள் எழும்புகின்றன, பத்து மகன்கள் பிறக்கிறார்கள்.

அப்புறம் அண்ணன்காரன் வந்து, சனிக்கிழமை உன் மனைவி யாரோடு இருக்கிறாள் தெரியுமா என்று கொளுத்திப் போடுகிறான். ரேமோந்தேன் வாள் முனையால் கதவில் துளை போடுகிறான். உள்ளே தொட்டியில் அவள் தலை வாரிக்கொண்டிருக்கிறாள், வால் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கிறது. இங்கேதான் கதை எனக்குப் பிடித்துப்போனது. அவன் கத்தவில்லை. துளையை மெழுகால் அடைத்துவிட்டு, வம்பு மூட்டிய அண்ணனைத் துரத்துகிறான். அவன் பார்த்தது அவளுக்குத் தெரியும், அவளும் எதுவும் கேட்கவில்லை. வாழ்க்கை அப்படியே போகிறது. பிறகு ஒரு மகன் மடாலயத்தைக் கொளுத்தி, உள்ளே துறவியாக இருந்த தன் சகோதரனையும் சேர்த்து எரித்துவிட, ஆத்திரத்தில் ரேமோந்தேன் எல்லார் முன்னாலும் அவளைப் பாம்பு என்று ஏசிவிடுகிறான். அதோடு முடிந்தது. அவள் சிறகுள்ள பெரும் பாம்பாக மாறி ஜன்னல் வழியே பறந்து, கோட்டையை மூன்று முறை அலறிக்கொண்டே சுற்றிப் போய்விடுகிறாள். கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுக்க மட்டும் இரவில் வந்து போகிறாள். பெர்ரி கோமகனுக்காக லிம்பூர் சகோதரர்கள் வரைந்த ஜெப நூலில் மார்ச் மாதப் பக்கத்தைப் பார்த்தால், லூசிஞான் கோபுரத்துக்கு மேலே பொன்னிற டிராகன் ஒன்று பறக்கும். அது இவள்தான்.

பார்த்தது மன்னிக்கப்படுகிறது, ஊரறியச் சொன்னது மன்னிக்கப்படவில்லை. கணவன் மனைவி உறவைப் பற்றி இவ்வளவு கூர்மையான ஓர் இடம் மற்ற கதைகளில் இல்லை. ஆனால் காதல் கதையாக எடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. மெலூசினுக்குத் தன் உருவமே ஒரு தண்டனை. அதிலிருந்து தப்பி, சாதாரண மனுஷியாகச் செத்துப் போவதுதான் அவள் விருப்பம். டிராகனாக இருப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் கிடையாது. ரேமோந்தேனோ கடைசியில் மொன்செராட் மலையில் துறவியாகிவிடுகிறான். வாசகர் அழுவார், சரி. ஆனால் இந்த வகைக் கதையைத் தேடி வருகிறவர் அதற்காக வருவதில்லை.

ஜப்பானின் டொயோடாமா கதையை இதே வரிசையில் வைத்துச் சீக்கிரம் தாண்டிவிடலாம். 712-இல் தொகுக்கப்பட்ட கோஜிகி என்ற பழைய புராண நூலில் வருகிறது. கடல் தெய்வத்தின் மகள், பிரசவத்தின்போது என்னைப் பார்க்காதே என்கிறாள். கணவன் பார்க்கிறான். ஒரு நூலில் முதலை போன்ற கடல்பிராணி, இன்னொன்றில் டிராகன். வெட்கப்பட்டுக் கடல் வழியை அடைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவள் பேரன்தான் ஜப்பானின் முதல் பேரரசர் என்பது மரபு. அரச வம்சத்துக்கு ஆதி சொல்வதற்காக எழுந்த கதை என்பதால் காதலர்கள் இருவருமே நிழலாகத்தான் இருக்கிறார்கள்.

சீனாவின் வெள்ளைப் பாம்புக் கதை நேர் எதிர். அதில் ஆட்கள் ரத்தமும் சதையுமாக இருக்கிறார்கள். டிராகன் கேட்டால் பாம்பைக் கொடுக்கிறாயே என்று சண்டைக்கு வராதீர்கள், சீனர்கள் பாம்பைக் குட்டி டிராகன் என்றே சொல்வார்கள். ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரிக்கரையில் மழை, ஒரு குடை, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இளைஞன், வெள்ளை உடையில் ஒரு பெண். 1624-இல் ஃபெங் மெங்லோங் அச்சேற்றிய வடிவத்தில் அந்த இளைஞன் ஒரு கோழை. அவள் யார் என்று தெரிந்ததும் நடுங்கிப்போய், ஃபாஹாய் என்ற துறவியோடு சேர்ந்து தானே அவளைப் பிடித்துக் கொடுக்கிறான். அவளை லெய்ஃபெங் கோபுரத்தடியில் அடைக்கிறார்கள்.

அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் நாடக மேடைக்காரர்கள் கதையைத் திருப்பிவிட்டார்கள். டிராகன் படகுத் திருவிழா அன்று கணவன் ஷூ ஷியான் வற்புறுத்த, பாம்பை வெளிக்காட்டும் மருந்து கலந்த மதுவைக் குடித்து, பாய் சூசென் என்ற அந்த வெள்ளை உடைப் பெண் பாம்பாகிவிடுகிறாள். அதைப் பார்த்த அதிர்ச்சியில் ஷூ ஷியான் செத்து விழுகிறான். கர்ப்பிணியான அவள் குன்லுன் மலைவரை போய்ச் சண்டை போட்டு மூலிகை கொண்டுவந்து அவனைப் பிழைக்க வைக்கிறாள். பிறகு ஃபாஹாய் அவனை மடாலயத்தில் அடைத்து வைக்க, வெள்ளத்தையே கிளப்பிக்கொண்டு போகிறாள். ஒரே கதை, வேறு காலம், வேறு கணவன். பாம்பு மாறவில்லை, அவளைப் பார்க்கும் கண்தான் மாறியிருக்கிறது. நிஜமான லெய்ஃபெங் கோபுரம் 1924 செப்டம்பரில் இடிந்து விழுந்தது. செங்கல் வீட்டில் இருந்தால் நல்லது என்று ஜனங்கள் காலங்காலமாகப் பெயர்த்து எடுத்துப் போனது அதற்கு ஒரு காரணம். பாம்பு தப்பித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள் இருந்தார்கள். எழுத்தாளர் லூ ஷுன் அந்த ஆண்டே அந்தச் சந்தோஷத்தைக் கட்டுரையாக எழுதினார். 2002-இல் கோபுரத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள்.

தொடர் எழுதுகிறவருக்கு இதைவிட வசதியான மூலம் கிடையாது. அத்தியாயத்துக்கு ஒரு திருப்பம், தோழியாகப் பச்சைப் பாம்பு, வெறுக்கத்தக்க வில்லன் எல்லாம் தயாராக இருக்கிறது. குறை ஷூ ஷியான்தான். நல்ல வடிவத்தில்கூட அவன் எந்நேரமும் யாராவது சொன்னதைக் கேட்டு ஆடுகிறவன். இவனுக்காகவா இவ்வளவு என்று கேட்கத் தோன்றும்.

இனி என் கட்சி. டாங் வம்சக் காலத்தில் லீ சாவ்வே எழுதிய லியூ யீயின் கதை. கதைக்குள்ளேயே காலம் குறிக்கப்பட்டிருக்கிறது, 676-க்கும் 679-க்கும் நடுவில். அரசுத் தேர்வில் தோற்று ஊர் திரும்பும் லியூ யீ, ஜிங் நதியோரத்தில் ஆடு மேய்க்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். டோங்டிங் ஏரி டிராகன் அரசனின் கடைசி மகள் அவள். நதித் தெய்வத்தின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு, புருஷனும் மாமியார் வீடும் கொடுமை செய்து இப்படி விரட்டிவிட்டார்கள். அப்பாவுக்கு ஒரு கடிதம் கொண்டு போகச் சொல்லிக் கேட்கிறாள். சம்மதித்துவிட்டு, தேவர்களும் ஆடு அடித்துத் தின்பார்களா என்ன, எதற்கு இந்த ஆடுகள் என்று கேட்கிறான். இவை ஆடுகள் இல்லை, மழை பெய்விக்கும் வேலைக்காரர்கள் என்கிறாள். திரும்பிப் பார்த்தால் அவற்றின் பார்வையும் நடையும் ஆடு மாதிரி இல்லை, ஆனால் உடம்பும் கொம்பும் ஆடுதான். கதையின் மொத்த மாயமும் இந்த மாதிரி அலட்டல் இல்லாமல்தான் வரும்.

கடிதம் போய்ச் சேர்கிறது. அரண்மனையில் சங்கிலியில் கட்டிக் கிடந்த சித்தப்பா, சியென்டாங் நதியின் சிவந்த டிராகன், விஷயம் காதில் விழுந்ததும் அறுத்துக்கொண்டு பாய்கிறது. சியென்டாங் நதியின் அலையேற்றம் இன்றும் உலகப் பிரசித்தம். சுவர் போல எழுந்து வரும் அந்த அலையைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சித்தப்பாவின் குணம் புதிதாக இருக்காது. பெண்ணை மீட்டுக்கொண்டு, மனித உருவில் கண்ணியமாகத் திரும்பி வந்து உட்காருகிறான். அண்ணனான டிராகன் அரசன் விசாரிக்கிறான். எத்தனை பேர் செத்தார்கள்? ஆறு லட்சம். பயிர் சேதம்? எண்ணூறு லீ தூரத்துக்கு. அந்தக் கெட்ட புருஷன் எங்கே? தின்றுவிட்டேன்.

பிறகொரு விருந்தில், போதையில், இந்தப் பெண்ணை நீயே கட்டிக்கொள் என்று சித்தப்பா லியூ யீயை மிரட்டுகிறான். அவனோ முடியாது என்கிறான். மிரட்டலுக்குப் பணிந்து ஒரு கல்யாணமா என்று, மலை போன்ற டிராகனின் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். டிராகன் மன்னிப்புக் கேட்கிறது. ஆனால் கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு உள்ளூர வருத்தம்.

ஊருக்கு வந்து இரண்டு முறை மணம் செய்கிறான், இருவரும் இறந்துபோகிறார்கள். மூன்றாவதாக லூ குடும்பத்து விதவை ஒருத்தி வருகிறாள். ஒரு மாலை அவளைப் பார்க்கும்போது டிராகன் பெண்ணின் சாடை தெரிய, பழைய கதையைச் சொல்கிறான். உலகத்தில் இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்டுவிட்டு அவள் பேச்சை மாற்றிவிடுகிறாள். குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆன பிறகுதான், நான்தான் அது என்கிறாள். வேறு சம்பந்தத்தை மறுத்துத் தலைமுடியை வெட்டிக்கொண்டு காத்திருந்ததையும் சொல்கிறாள். பிறகு அவள் கேட்பதுதான் எனக்கு முக்கியம்: அன்று கடிதத்தை வாங்கும்போது, பிற்காலத்தில் டோங்டிங் திரும்பினால் என்னைத் தவிர்த்துவிடாதே என்றாயே, அப்போதே மனதில் ஏதாவது இருந்ததா? அவன் பூசி மெழுகாமல் பதில் சொல்கிறான். இங்கே ரகசியம் உடைந்ததும் உறவு அறுந்துபோகவில்லை, இருவரும் உட்கார்ந்து நிதானமாகப் பேசிக்கொள்கிறார்கள். நிஜ உருவத்தை அவளாக, தனக்கு நம்பிக்கை வந்தபோது சொல்கிறாள். சாவி துளை வழியாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை, மருந்து கொடுத்து யாரும் வெளிக்கொணரவில்லை.

ஆண் டிராகன்தான் வேண்டும் என்பவர்களுக்குச் செர்பியாவின் யாஸ்ட்ரெபாட்ஸ் மலை டிராகன் இருக்கிறது. வூக் கராஜிச் தொகுத்த நாட்டுப்பாடல். இளவரசர் லாசரின் மனைவி மிலிட்சாவிடம் இரவுதோறும் கோபுரத்துக்குப் பறந்து வருகிறது. அவள் முகம் வெளிறிப்போனதைக் கவனித்துக் கணவர் கேட்க, உண்மையைச் சொல்கிறாள். நீ யாருக்குப் பயப்படுவாய் என்று டிராகனிடமே கேட்டு வாங்கச் சொல்கிறார் அவர். அது ஏமாந்து வுக் என்ற வீரனின் பெயரைச் சொல்லிவிட, அவன் வந்து கொன்றுவிடுகிறான். லாசர் 1389-இல் கொசோவோ போரில் இறந்தவர், அந்த வுக் இறந்ததோ 1485-இல். பாட்டுக்கு அதெல்லாம் கவலையில்லை. ஆனால் மிலிட்சாவுக்கு அதன் மேல் ஆசை இருந்ததா, வெறும் பயமா என்று பாட்டு சொல்லவே இல்லை. இதைக் காதல் என்று எழுதுவதற்கு முன்னால் நிறைய யோசிக்க வேண்டும்.

நம் மணிமேகலையின் பீலிவளையை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். புகார்க் கடற்கரைச் சோலையில் நெடுமுடிக்கிள்ளியோடு ஒரு மாதம் இருந்துவிட்டு மறைந்துபோகும் நாகநாட்டு இளவரசி அவள். குழந்தை கப்பலில் தொலைகிறது, தேடும் துயரத்தில் மன்னன் இந்திரவிழாவை மறக்கிறான், நகரைக் கடல் கொள்கிறது. அருமையான சோகம்தான். ஆனால் அவள் உருமாறுவதே இல்லை, அதனால் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

ஆக, கோட்டை, சிலுவைப்போர், வம்ச அரசியல் என்று சரித்திரத்தில் ஊறியவர் மெலூசினை எடுக்கலாம். வாராவாரம் வாசகரை இழுத்துப் பிடிக்க வேண்டியவருக்கு வெள்ளைப் பாம்பு. காதலுக்கு லியூ யீதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை எடுக்கிறவருக்கு ஒரு கடன் காத்திருக்கிறது. ஆறு லட்சம் பேர் செத்ததைக் கேட்டு அண்ணன் முகம் சுளித்து, இனிமேல் இப்படிச் செய்யாதே என்று சொல்வதோடு பழைய கதை அதைக் கடந்துவிடுகிறது. இன்று எழுதினால், ஜிங் நதிக்கரையில் பயிரையும் பிள்ளையையும் இழந்த ஒருவராவது லியூ யீயின் வாசலில் வந்து நின்று, நீ கொண்டுபோன கடிதம்தானே என்று கேட்டாக வேண்டும்.