உக்ரைன் போரின் முதல் பத்து நாளும் நம்மூர் ‘டாக்டர் படிப்பு’ ஏஜென்சிகளும்: ஒரு சேவை விமர்சனம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டியும் நாகர்கோவில் வடசேரி பக்கமும் மாடிக்கு மாடி வெளிநாட்டு எம்பிபிஎஸ் போர்டு தொங்குகிறது. 2022 பிப்ரவரிவரை அதில் உக்ரைன் கொடி இருந்தது. இப்போது ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான். கொடிதான் மாறியிருக்கிறது, பேக்கேஜ் அதேதான்: அட்மிஷன் லெட்டர், விசா, டிக்கெட், ஹாஸ்டல், சவுத் இந்தியன் மெஸ். இந்த வேலைகளைப் பெரும்பாலான ஏஜென்சிகள் ஒழுங்காகவே செய்துகொடுக்கின்றன. விசா பேப்பரில் தப்பு வருவது அபூர்வம். பேக்கேஜில் எழுதாத ஓர் அயிட்டத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பிள்ளை படிக்கிற நாட்டுக்குள் பக்கத்து நாட்டு ராணுவம் நுழைந்துவிட்டால் ஏஜென்சி என்ன செய்யும்?

மார்க் போடும்போது எல்லோரும் பிப்ரவரி 24ஆம் தேதியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. அன்று அதிகாலை, நமக்குக் காலை எட்டரை மணி வாக்கில், ரஷ்யத் தாக்குதல் தொடங்கியதும் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டது. கீவுக்குப் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் தில்லிக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு நாகர்கோவிலில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆஃபீஸ் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பரீட்சை அதற்கு முந்தின ஒன்பது நாளில் நடந்தது.

பிப்ரவரி 15: தங்கியே ஆகவேண்டிய அவசியமில்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறலாம் என்றது இந்தியத் தூதரகம். 20ஆம் தேதி மறுபடியும் அறிவிப்பு. 22ஆம் தேதி வந்ததில் தயக்கமே இல்லை: ஆன்லைன் வகுப்பு பற்றிப் பல்கலைக்கழகம் சொல்லட்டும் என்று காத்திராமல் கிளம்புங்கள். பிள்ளைகள் ஏன் கிளம்பவில்லை என்றால், அங்கே வருகைப்பதிவு கெடுபிடி. தவறவிட்ட ஒவ்வொரு வகுப்பையும் தனியாகப் போய்ச் செய்து முடித்தால்தான் கணக்குத் தீரும். டீன் ஆஃபீஸ் ‘நேரடி வகுப்பு தொடரும்’ என்கிறது, தூதரகம் ‘போ’ என்கிறது. நடுவில் நின்று பெற்றோரிடம் பேசவேண்டிய ஆள் ஏஜென்சிக்காரர்தான். பல ஏஜென்சிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வாரம் ஓடியது ஒரே பல்லவி: இது டிவிக்காரன் கிளப்பிவிடும் பயம், கிளாஸ் நார்மலாக நடக்கிறது. அட்மின் மட்டும் மெசேஜ் போடும் குரூப் வேறு. எதிர்க்கேள்வி கேட்க வழியில்லை. இந்தக் கட்டத்துக்கு மார்க் பூஜ்யத்தை ஒட்டித்தான்.

இன்னொரு ஏமாற்றம் வரைபடத்தில் இருக்கிறது. ‘எங்க பிள்ளைகள் எல்லாரையும் மூணே நாளில் பார்டர் தாண்ட வச்சோம்’ என்று பெருமை சொல்லும் ஏஜென்சியிடம் எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். உஷ்ஹோரோத் என்றால் ஸ்லோவாக்கிய எல்லையே ஊர் வாசலில் இருக்கிறது. செர்னிவ்ட்சியிலிருந்து ருமேனியாவின் சிரெத் எல்லை நாற்பது கிலோமீட்டர் சொச்சம், நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை போகிற தூரம். அங்கே பஸ் பிடித்துக் கொடுப்பது பெரிய சாமர்த்தியமில்லை. கார்கிவ் கதையே வேறு: ரஷ்ய எல்லை சுமார் நாற்பது கிலோமீட்டரில், தப்பிக்கவேண்டிய மேற்கு எல்லையோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே. மார்ச் 1 அங்கே ஓர் இந்திய மாணவர் கொல்லப்பட்டார். மறுநாள் தூதரகம், மாலை ஆறு மணிக்குள் நகரைவிட்டு வெளியேறி பிசோச்சின், பாபாய், பெஸ்லியுடிவ்கா என்ற மூன்று ஊர்களில் ஒன்றுக்குப் போய்விடச் சொன்னது. முறையே 11, 12, 16 கிலோமீட்டர். வாகனம் கிடைக்காதவர்கள் நடந்தே போகவேண்டும். சுமி நகரில் 694 இந்திய மாணவர்கள் மார்ச் 8 வரை மாட்டிக்கொண்டார்கள். சண்டை ஓய்ந்த ஒரு பாதை கிடைத்த பிறகுதான் பஸ்ஸில் பொல்டாவாவுக்குப் போனார்கள். ஆக, வெளியேற்றத்தில் ஒரு ஏஜென்சி வாங்கின நல்ல பெயரில் பாதி பூகோளத்துக்குச் சேரவேண்டியது.

மேற்கிலும் எல்லாம் சுளுவாக நடக்கவில்லை. போலந்துப் பக்கம் ஷெஹினி எல்லையில் கார் வரிசை பல கிலோமீட்டர் நீண்டதால் டிரைவர்கள் வழியிலேயே இறக்கிவிட்டார்கள். உறைபனியில் பெட்டியை இழுத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் நடந்தவர்கள் உண்டு. எல்லையில் உள்ள இந்திய அதிகாரிகளிடம் பேசாமல் கிளம்பவேண்டாம் என்று 26ஆம் தேதியே தூதரகம் சொன்னது இதற்காகத்தான். ரயில் இலவசமாக ஓடியது, ஆனால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலிடம். பையன்கள் பலர் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டார்கள்.

ஏஜென்சி கையில் முழுக்க இருந்த விஷயம் பாஸ்போர்ட். தங்கும் அனுமதி அட்டை எடுக்கவும் புதுப்பிக்கவும் பாஸ்போர்ட்டைப் பல்கலைக்கழகத்திலோ ஏஜென்சியின் உள்ளூர் ஆளிடமோ கொடுத்து வைப்பது அங்கே வழக்கம். போர் தொடங்கிய அன்று அது யார் கையில் இருந்தது என்பதுதான் எல்லையில் தலையெழுத்தைத் தீர்மானித்தது. சில நூறு ரூபாய்க்கு ஒரு லாக்கரும் ஒரு ரெஜிஸ்டரும் வைத்து, பிப்ரவரி 15 அன்றே பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால் போதும்.

அடுத்தது காசு. 24ஆம் தேதியே உக்ரைன் மத்திய வங்கி ரொக்கம் எடுப்பதற்கு வரம்பு கட்டியது. கணக்கிலுள்ள வெளிநாட்டுப் பணத்தை ரொக்கமாக எடுக்கவே முடியாமல் போனது. எல்லை தாண்டினால் உக்ரைன் பணமான ஹ்ரிவ்னியாவை மாற்றித் தர ஆளில்லை. தூதரகம் கொண்டுவரச் சொன்னது பாஸ்போர்ட், முடிந்தவரை அமெரிக்க டாலராகக் கைக்காசு, கோவிட் தடுப்பூசிச் சான்று. வண்டியில் ஒட்ட இந்தியக் கொடியின் பிரிண்ட். நம்மூர் ஏஜென்சிகளின் பேக்கிங் லிஸ்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது, இட்லிப் பொடி இருக்கிறது, இருநூறு டாலர் அவசரக் காசு என்ற வரி இல்லை. குண்டுக்குப் பயந்து ஒளிந்திருக்கிற ஹாஸ்டல் அடித்தளத்தில் குக்கர் எதற்கும் உதவாது. நாள்பட இருக்கிற முந்திரிக்கொத்தும் நேந்திரம் சிப்ஸும், ஒரு பவர் பேங்க்கும், அசல் சான்றிதழ்களின் ஸ்கேனும் உதவும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை முழுக்க அரசாங்கத்தினுடையது. 26ஆம் தேதி புகாரெஸ்டிலிருந்து 219 பேருடன் முதல் விமானம் மும்பையில் இறங்கியது. ஆபரேஷன் கங்கா என்ற இந்த மீட்புப் பணியில் மொத்தம் 90 விமானங்கள் ஓடின; முன்னதாகத் தாங்களாகவே கிளம்பியவர்களையும் சேர்த்து சுமார் 22,500 பேர் ஊர் திரும்பினார்கள். டிக்கெட்டுக்குக் காசில்லை, இந்தியாவில் இறங்கியபின் ஊர் வருகிற செலவைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. இதையும் சேர்த்துத் தங்கள் சேவை என்று போர்டில் எழுதும் ஏஜென்சியை நம்பவேண்டாம்.

திரும்பி வந்தபின் நடந்ததுதான் எரிச்சலூட்டுவது. 2021 நவம்பர் விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பும் 12 மாத இன்டர்ன்ஷிப்பும் ஒரே வெளிநாட்டுக் கல்லூரியில் முடிக்கவேண்டும். போருக்காக 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பட்டம் உக்ரைன் கல்லூரியே தரும் என்ற நிபந்தனையோடு வேறு நாட்டில் படிப்பைத் தொடர அனுமதித்தது. இதையே சில ஏஜென்சிகள் ‘டிரான்ஸ்ஃபர் பேக்கேஜ்’ என்று பெயர் மாற்றி இரண்டாம் கமிஷன் வாங்கின. இடமாற்றமும் இந்த ஏற்பாடும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோருக்குச் சொல்லவே இல்லை.

இந்த வருடம் அட்வான்ஸ் கட்டப் போகிறவர்கள் மெஸ் மெனுவைப் பார்ப்பதற்கு முன்னால், 2022 பிப்ரவரி 15 முதல் 23 வரை அவர்களுடைய குரூப்பில் போட்ட மெசேஜ்களைக் காட்டச் சொல்லுங்கள். அந்த குரூப் டெலீட் ஆகிவிட்டது என்றால், அடுத்த மாடிப்படி ஏறிவிடலாம்.