பார்ட்டிஷனை மாற்ற விண்டோஸா, ஜிபார்ட்டடா?

சி டிரைவ் நிரம்பிவிட்டதா? பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கில் பிரித்து வைத்த பகுதியை, மாற்றி அதற்கு இடம் கூட்ட இரண்டு வழி உண்டு. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பார்ட்டிஷனின் வலது ஓரத்தை மட்டுமே நகர்த்தும். சுருக்கும்போது பேஜ்ஃபைல் (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் வைத்திருக்கும் ஃபைல்) போல நகராத ஃபைல் குறுக்கே இருந்தால் அதோடு நின்றுவிடும். அதனால் ஆபத்து குறைவு. ஆனால் சி-யை ஒட்டி வலப்பக்கம் எந்தப் பார்ட்டிஷனுக்கும் ஒதுக்காத காலியிடம் இல்லையென்றால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே கிடக்கும்.

ஜிபார்ட்டட் என்ற இலவச மென்பொருள் பார்ட்டிஷனின் தொடக்கத்தையே நகர்த்தும். அதற்காக டேட்டாவை இடம்மாற்றி எழுதும், மணிக்கணக்கில் ஆகும். போன மே மாதம், பெரம்பூர் வீட்டில், டி டிரைவை அப்படி நகர்த்தும்போது பாதியில் கரண்ட் போனது. யூபிஎஸ் இல்லை. அப்புறம் டி டிரைவ் திறக்கவே இல்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வேலை முடிந்தால் அதோடு நிறுத்துங்கள். ஜிபார்ட்டட்தான் வேண்டுமென்றால், முதலில் ரிச்சி தெருவில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் காப்பி எடுங்கள். அதில் இரண்டு மூன்று படங்களைத் திறந்தும் பாருங்கள்.